வரும் ஆண்டு எதை விதைப்பது? – வாசகர் கேள்வி பதில்

மார்கழி இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தை பிறந்ததும் வீட்டுத் தோட்டத்தில் எதை, எப்போது, எவ்வளவு விதைப்பது என்பதையே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் அதிலேயே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம் இருக்கிறது, நாங்கள் நான்கு பேர். சென்ற ஆடியில் கடையில் கிடைத்த 14 வகை விதைகளையும் ஒரே வாரத்தில் விதைத்துவிட்டேன். புரட்டாசியில் வெண்டைக்காயைத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தும் தீரவில்லை. ஆனால் பங்குனி முதல் ஆனி வரை ஒரு காய்கூட இல்லாமல் எல்லாவற்றையும் சந்தையில்தான் வாங்கினோம். அடுத்த ஆண்டை எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, முசிறி

பதில்: உங்கள் மண்ணிலும் கையிலும் குறையில்லை என்பதற்குத் தெருவுக்குப் போன வெண்டைக்காயே சாட்சி. பிசகு நாள் கணக்கில் இருக்கிறது. நாம் பெரும்பாலும் விதைக்கும் நாளைத் தீர்மானித்துவிட்டு, பறிக்கும் நாள் வரும்போது வரட்டும் என்று இருந்துவிடுகிறோம். திட்டம் என்பதோ அடுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. எந்த மாதத்தில் எந்தக் காய் வேண்டும் என்பதை முதலில் எழுதி, அந்தக் காய் விதையிலிருந்து சட்டிக்கு வர எத்தனை நாள் எடுக்கும் என்பதைக் கழித்தால், விதைக்க வேண்டிய நாள் தானே கிடைத்துவிடும்.

சித்திரையில் கத்தரிக்காய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுப் பாத்தியில் 30 முதல் 35 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஏறத்தாழ 60 நாள், ஆக மூன்று மாதம். சித்திரைக் கடைசியில் பறிக்க வேண்டுமானால் தையின் நடுவில் விதை நாற்றங்காலில் விழுந்திருக்க வேண்டும். சித்திரையில் சந்தை விலையைப் பார்த்துவிட்டு விதை வாங்கப் போனால் காய் ஆடியில்தான் வரும். வெண்டையும் கொத்தவரையும் இவ்வளவு காக்க வைப்பதில்லை. நேரடியாக ஊன்றிய 45 நாள் அளவில் முதல் காய் வந்துவிடும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும்.

அடுத்து அளவு. நன்றாகக் காய்க்கும் வெண்டைச் செடி நாள் விட்டு நாள் ஒரு காய் தரும் என்று தோராயமாகக் கொள்ளலாம். 20 செடி இருந்தால் 20 காய், அதாவது கால் கிலோவுக்குச் சற்று முன்பின். நான்கு பேருக்கு ஒரு வேளைப் பொரியல். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி என்று ஊன்றினால் இந்த 20 செடிக்கு 30 சதுர அடி போதும். எனவே விதைப் பொட்டலம் முழுவதையும் ஒரே நாளில் ஊன்றாமல், தையில் 20, அதற்கு 40 நாள் கழித்து மாசிக் கடைசியில் 20, பிறகு ஆடியில் 20 என்று பிரித்து ஊன்றுங்கள். முதல் தொகுதி ஓய்கிற வேளையில் அடுத்தது காய்க்கத் தொடங்கியிருக்கும். கீரையை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும்: பத்து நாளுக்கு ஒரு முறை, கைப்பிடி விதை, ஒரு முழ அகலப் பட்டை. பாத்தி முழுவதும் ஒரே நாளில் தூவிய கீரை ஒரே நாளில் முற்றிவிடும் என்பதை நானே பல முறை மறந்திருக்கிறேன்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 5 சென்ட். உங்களிடம் இருப்பது 3 சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி. அதிலும் நடைபாதைக்கும் வரப்புக்கும் கால் பங்கு போய்விடும். ஆகவே எல்லாக் காயையும் விளைவிக்கும் ஆசையை விட்டுவிடுவதே முதல் முடிவாக இருக்கட்டும். சந்தையில் மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கிற, நெடுநாள் கெடாத பெரிய வெங்காயத்துக்கும் உருளைக்கும் உங்கள் இடத்தைக் கொடுக்க வேண்டாம். பறித்த ஒரு மணி நேரத்தில் வாடிவிடுகிற கீரை, இளசாகக் கிடைப்பதே அரிதான வெண்டை, கொத்தவரை, புடல், பீர்க்கு, பூச்சிமருந்து மிகுதியாக அடிக்கப்படுகிற கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கே இடத்தில் உரிமை.

இடத்தை இப்படிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் நீர் போகிற மூலையில் வாழையும் பப்பாளியும். வேலியோரம் முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி. இவை ஆண்டுக் கணக்கில் நிற்பவை. ஒரு முறை இடம் தவறினால் பல ஆண்டு நிழலாக உறுத்தும். ஒரு பந்தல் போதும். மாசியில் பீர்க்கும் புடலும் ஏற்றினால் சித்திரை முதல் ஆனி வரை காய்க்கும், அவை ஓய்ந்ததும் ஆடியில் அதே பந்தலில் அவரை. எஞ்சிய இடத்தை நான்கு பாத்தியாக்கி, எப்போதும் மூன்றில் மட்டுமே பயிர் வையுங்கள். நான்காவதில் கோடை மழை ஒன்று விழுந்ததும் பசுந்தாள் உரச் செடிகளான சணப்பையோ தக்கைப்பூண்டோ தூவி, பூவெடுக்கும் பருவத்தில், அதாவது 45 நாள் அளவில் மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால் ஆடிப்பட்டத்துக்கு அந்தப் பாத்தி தயாராக இருக்கும். இடமே போதவில்லை என்கிறவரிடம் கால் பங்கைச் சும்மா போடச் சொல்கிறாரே என்று நினைப்பீர்கள். ஓயாமல் விதைத்த நான்கு பாத்தியைவிட ஓய்ந்து எழுந்த மூன்று பாத்தியில் விளைச்சல் மிகுதி என்பது என் அனுபவம்.

கேள்வி: சென்ற மாசியில் ஏற்றிய பந்தல் அவரை, பந்தலே தெரியாத அளவுக்குப் படர்ந்தும் ஐப்பசி வரை ஒரு பூவும் எடுக்கவில்லை. உரம் மிகுந்துவிட்டது என்கிறார்கள். விதை சரியில்லை என்கிறார்கள். அடுத்த ஆண்டு வேறு விதை வாங்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விதையின் மேல் பழி போட வேண்டாம். நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகினால் மட்டுமே பூக்கிற இனம். உங்கள் ஊரில் ஆனி மாதத்து நெடும் பகல் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். மார்கழியில் அது 11 மணி 30 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. நமக்கு உறைக்காத இந்த ஒரு மணி நேரத்துச் சொச்ச வேறுபாடு அவரைக் கொடிக்கு நன்றாகத் தெரியும். இரவு நீண்டு ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அது இலை விடுவதைக் குறைத்துப் பூங்கொத்து எடுக்கும். ஆகவே நீங்கள் மாசியில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் பூ வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். மாசியில் ஊன்றியவர் ஐந்து மாதத் தண்ணீரையும் பந்தலையும் இலைக்கு மட்டும் கொடுத்தார் என்பதே வேறுபாடு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல் அவரைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை, பட்டம் தவறி விதைத்துப் பார்த்தவர்களே முழுமையாக உணர்வார்கள்.

இப்போது நிற்கிற கொடியைப் பிடுங்காதீர்கள். மாசி வரை அது காய்க்கும். மார்கழிப் பனியில் பூங்கொத்தின் அடியில் அசுவினிப் பூச்சி மொய்க்கும். விடியற்காலையில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். பந்தலுக்கு அருகில் இரவு முழுவதும் எரிகிற விளக்கு இருந்தால், அந்தப் பக்கத்துக் கொடி மட்டும் பூக்கத் தாமதிப்பதையும் காணலாம். சிறகவரையும் இதே குணம் உடையதுதான். ஆண்டு முழுவதும் அவரைக்காய் வேண்டுமென்றால் அதற்குக் குத்தவரை இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 14 போன்ற குத்துச்செடி இரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை, பந்தலும் கேட்பதில்லை. சுவையில் பந்தல் அவரைக்கு அது ஈடில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு.

கேள்வி: அடுத்த பொங்கலுக்குப் படைக்கும் கிழங்குகள் எல்லாம் எங்கள் தோட்டத்திலேயே விளைந்தவையாக இருக்க வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. எதை எப்போது நட வேண்டும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அழகான ஆசை, ஆனால் இந்தப் பொங்கலிலேயே தொடங்க வேண்டிய ஆசை. கிழங்குகளுக்கு விதைப் பொட்டலம் கிடையாது. இப்போது சமைக்க வாங்குகிறவற்றில் ஒரு பங்கை நடுவதற்கென்று எடுத்து வைக்க வேண்டும். நன்கு முற்றிய, அடிபடாத சேனையும் பெருவள்ளியும் சேம்பும் வாங்கி, காற்றோட்டமான நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் மணலில் பரப்பி வையுங்கள்.

சேனைக்கும் பெருவள்ளிக்கும் எட்டு ஒன்பது மாதம் வேண்டும். அதனால் சித்திரையில் நட்டால்தான் தைக்கு வெட்ட முடியும். சேனையை நடும்போது ஒவ்வொரு துண்டிலும் நடு முளையின் ஒரு பகுதி இருக்கும்படி, கால் கிலோவுக்குக் குறையாமல் அறுத்து, சாணிப்பாலில் தோய்த்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். முளை இல்லாத துண்டு மண்ணில் கிடந்து நாள் கடத்தும். சேம்புக்கு ஆறு மாதம் போதும் என்பதால் ஆனி, ஆடி வரை பொறுக்கலாம். மஞ்சளை வைகாசியில் நட்டால் பொங்கல் பானையில் கட்டுவதற்குப் பச்சைக் கொத்து தையில் கிடைக்கும். கிழங்கு முற்றி வெட்டுவது மாசியில்.

உங்கள் பக்கத்துக்கே உரிய சிறுகிழங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கிழங்கை நேராக வயலில் நடுவதில்லை. வைகாசி, ஆனியில் சிறிய மேட்டுப்பாத்தியில் கிழங்கைப் பதித்துக் கொடி வளர்த்து, அந்தக் கொடியின் நுனியை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி ஆடியில் நடுவதே வழக்கம். கரையோரம் ஆற்று வண்டல் கலந்த பொலபொலப்பான மண் உங்களுக்கு வாய்த்திருந்தால் மார்கழிக் கடைசியில் கை நிறையக் கிழங்கு கிடைக்கும். இறுகிய மண்ணானால் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். பனங்கிழங்குக்கு ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனங்கொட்டைகளைப் பொறுக்கி மணல்மேட்டில் அடுக்கிப் புதைத்தால் போதும். அதற்குத் தோட்டத்தில் பாத்திகூட வேண்டாம், வேலியோரம் இருந்தால் போதுமானது.

கேள்வி: மாடியில் 40 வளர்ப்புப் பைகள் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டாகத் தை மாதம் தக்காளி விதைக்கிறேன். செடி செழிப்பாக வளர்ந்து, பூவும் எடுத்து, எல்லாப் பூவும் உதிர்ந்துவிடுகிறது. வரும் ஆண்டு தக்காளியையே விட்டுவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: விட வேண்டாம், மாதத்தை மாற்றுங்கள். தையில் விதைத்த தக்காளி பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பூக்கும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சு பிடிக்காமல் காம்போடு உதிரும். சென்னைப் பகுதியில் கோடை இரவுகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே இருக்கின்றன. பகலெல்லாம் காய்ந்த மாடித் தளம் இரவில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருப்பதால் மாடியில் நிலைமை இன்னும் மோசம். இதற்கு நுண்ணூட்டம் தெளிப்பதும் பஞ்சகவ்யம் ஊற்றுவதும் வீண் செலவு.

தக்காளியின் பூ மார்கழியிலும் தையிலும் வரும்படி கணக்கிடுங்கள். ஐப்பசி நடுவில் குழித்தட்டில் விதையிட்டு, மழைச்சாரல் படாத பால்கனியில் வையுங்கள். 25 நாளில் நாற்று தயாராகும். கார்த்திகையில் பெருமழை சற்று ஓய்ந்த நாள் பார்த்துப் பைகளுக்கு மாற்றுங்கள். தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை பழம் பறிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1 இதற்கு ஏற்றது. இந்த ஆண்டுக்கு ஐப்பசி கடந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். நாற்றங்காலில் நல்ல நாற்று கிடைத்தால் இந்த வாரமே வாங்கி நட்டு, மாசி, பங்குனியில் கொஞ்சம் பார்த்துவிடலாம். விதையிலிருந்து இப்போது தொடங்காதீர்கள்.

சித்திரை முதல் ஆனி வரை உங்கள் பைகளில் நிற்கக்கூடியவை கத்தரி, வெண்டை, கொத்தவரை, மிளகாய், காராமணி, கொடிப்பசலை. பீர்க்கும் சுரையும் ஏற்றினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இவற்றின் பூ மாலையில்தான் விரியும். உயரமான மாடிக்கு அந்த வேளையில் வண்டு வராமல் போனால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் நீங்களேதான் தடவிவிட வேண்டும். காலையில் காபியோடு போய்ப் பார்த்தால் பூ மூடியிருக்கும். பாகலும் பரங்கியும் காலைப் பூக்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பை, தேங்காய் நார்க்கழிவு கலந்த மண்ணோடு நனைந்திருக்கும்போது 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். 40 பைகளை நடுத்தளத்தில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் ஓடுகிற கோட்டின் மேல் வரிசையாக, செங்கல்லோ தாங்கியோ வைத்துத் தளத்திலிருந்து தூக்கி வையுங்கள். ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு பையின் வடிகால் ஓட்டையையும் குச்சியால் குத்திப் பார்ப்பதையும் நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடியில் நல்ல வெயில் விழுந்த பாத்தியில் கார்த்திகைக்குப் பிறகு வெயிலே விழுவதில்லை. தெற்குப் பக்கத்து வீட்டார் மாடி கட்டியிருக்கிறார்கள். அந்த இடம் இனிப் பயன்படாதா?
– வாசகி, மதுரை

பதில்: மதுரையில் ஆனி, ஆடி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் வடக்கே இருக்கும், அப்போது தெற்குச் சுவரால் உங்களுக்கு நிழலே இல்லை. மார்கழி முதல் வாரத்தில் அது தென்கோடியில் நிற்கும். அந்த நாள்களில் 20 அடி உயரச் சுவரின் நண்பகல் நிழல் வடக்கே 13 அடிக்கு நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் மிகுதி. ஆகவே அளக்க வேண்டிய மாதம் இதுதான். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று வேளையும் நிழல் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே இருக்கும் இடமே மழைக்காலக் காய்ப் பயிருக்கு உரியது. கத்தரிக்கும் வெண்டைக்கும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும்.

நிழல் விழும் பாத்தியை மாசி முதல் புரட்டாசி வரை காய் வகைகளுக்கும், அதன்பின் கீரை, புதினா, கொத்துமல்லிக்கும் ஒதுக்குங்கள். இஞ்சியும் மஞ்சளும் அரை நிழலை விரும்பியே ஏற்கும். மதுரைக் கோடையில் அந்தச் சுவரின் நிழல் கிடைக்காதா என்று நீங்கள் ஏங்கும் நாளும் வரும். ஆனால் கோடையில் அது உங்களுக்குக் கிடைக்காது என்பதே இதிலுள்ள வேடிக்கை.

கேள்வி: கத்தரிச் செடிகள் காய்க்கும் பருவத்தில் பச்சையாகவே வாடிச் சாய்ந்தன. பிடுங்கிவிட்டு அதே பாத்தியில் தக்காளி வைத்தேன். அதுவும் அப்படியே போயிற்று. வரும் தையில் மிளகாய் வைக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை ஆகிய நான்கும் ஒரே குடும்பம். நமக்குத்தான் பயிர் மாறியது. மண்ணில் இருக்கும் நோய்க்கு மாறவில்லை.

முதலில் நோய் எது என்று பாருங்கள். வாடிய செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி சில நிமிடம் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் புகைபோல் பால் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, ஏனென்றால் புழு துளைத்த வேரில் பாக்டீரியா எளிதில் நுழைகிறது.

பால் இழை இறங்கினால் அந்தப் பாத்தியில் குறைந்தது மூன்று ஆண்டு இந்த நான்கையும் வைக்காதீர்கள். இஞ்சிக்கும் நிலக்கடலைக்கும் இந்த நோய் வரும் என்பதால் அவையும் வேண்டாம். மக்காச்சோளம், வெங்காயம், கீரை, முள்ளங்கி ஆகியவை போகலாம். வேர் முடிச்சு இருந்தால் வெண்டையையும் தவிர்க்க வேண்டும். அது நூற்புழுவுக்கு விருந்து. அங்கே ஒரு பருவம் முழுவதும் செண்டுமல்லி நெருக்கமாக நட்டு, பூவைப் பறித்துக்கொண்டு, செடியை மண்ணிலேயே மடக்கிவிடுங்கள். அந்தப் பாத்தியிலிருந்து மற்றப் பாத்திக்குத் தண்ணீர் ஓடாமல் வரப்பை மாற்றுவதும், அங்கே பயன்படுத்திய களைக்கொத்தைக் கழுவி எடுத்துச் செல்வதும் மருந்தைவிட முக்கியம்.

கத்தரி இல்லாமல் முடியாது என்றால் சுண்டைச் செடியின் வேரில் ஒட்டுக் கட்டிய கத்தரி நாற்று இப்போது சில நாற்றங்கால்களில் கிடைக்கிறது. சுண்டை வேர் வாடலைத் தாங்கும். விலை சாதாரண நாற்றைவிடக் கூடுதலே. நான்கைந்து செடி வைக்கும் வீட்டுக்கு அது பொருட்டில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தரி போய்ச் சுண்டைக்காய்தான் மிஞ்சும்.

கேள்வி: ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் உருளை போடுகிறோம்; கிழங்கு சிறுத்துக்கொண்டே வருகிறது. எங்கள் விதைக்கிழங்கில் கொஞ்சம் கோவையில் இருக்கும் தங்கைக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகி, குன்னூர்

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். நீலகிரி மண்ணில் உருளையைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அது கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் பரவும் என்பதால், விதைக்கிழங்கை மாவட்டத்துக்கு வெளியே கொண்டு செல்லச் சட்டப்படியே தடை உண்டு. இரவு குளிர்ந்தால்தான் உருளை நன்றாகக் கிழங்கு கட்டும் என்பதால் தங்கையின் தோட்டத்தில் அது சிறக்கப் போவதும் இல்லை.

உங்கள் கிழங்கு சிறுப்பதற்கும் இதே புழு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை செடி பூக்கும் தறுவாயில் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வேரில் கடுகைவிடச் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாத்தியை நான்கு ஆண்டுச் சுழற்சிக்குக் கொண்டு வாருங்கள்: ஒரு முறை உருளை, பிறகு கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் அல்லது பட்டாணி. கூட்டுக்குள் இருக்கும் முட்டைகள் பல ஆண்டு உயிரோடு இருக்கும். ஆகவே சுழற்சி புழுவை ஒழிக்காது, குறைக்கும். இப்புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா இரகத்தையும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மலை மண்ணின் புளிப்பைத் தணிக்கச் சுண்ணாம்பு இடுவதானால் முட்டைக்கோஸ் வைக்கும் ஆண்டில் இடுங்கள். உருளைக்கு முன் இட்டால் கிழங்குத் தோல் சொறி பிடிக்கும்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. எதுவும் வராத மண் என்று விட்டுவிட்டோம்.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: எதுவும் வராது என்று சொல்ல முடியாது. பீட்ரூட், பாலக்கீரை, கொத்தவரை ஆகியவை உப்பைக் கணிசமாகத் தாங்கும். காராமணியும் ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவற்றைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். உப்பு, ஈரம் ஆவியாகும் பாரின், அதாவது மண் அணைத்த மேட்டின், உச்சியில்தான் படியும். எனவே விதையை உச்சியில் ஊன்றாமல் பாரின் பக்கச் சரிவில் ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் பாத்தியில் தேங்கி இறங்கும்படி வரப்பை உயர்த்திவிட்டால் உப்பு கீழே கழுவப்படும். அதை அடுத்து வரும் மார்கழி, தை விதைப்பே உங்கள் ஆண்டின் முதன்மைப் பட்டம். ஆடிப்பட்டம் உங்களுக்கு இரண்டாம் இடம்தான். முளைப்பருவத்தில் மட்டும் சேமித்த மழைநீர் கொடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: டப்பாவில் பல ஆண்டு விதைகள் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெங்காய விதை ஓராண்டைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் எறியுங்கள். தக்காளி, கத்தரி, பூசணி வகைகள் ஈரம் படாமல் இருந்திருந்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். ஐயமுள்ள விதையில் 20 எண்ணி எடுத்து, ஈரத் துணியில் மடித்து, ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். வெண்டைக்கு ஒரு வாரம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம் பொறுங்கள். மார்கழிக் குளிரில் சற்றுத் தாமதமும் ஆகும். 14-க்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் ஊன்றலாம். 10 முளைத்தால் குழிக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு போடலாம். அதற்கும் குறைந்தால் டப்பாவில் இடத்தை அடைக்க வேண்டாம். இந்தச் சோதனையை இந்த வாரமே தொடங்கினால், முடிவு தெரிந்து புது விதை வாங்கி வந்த பிறகும் தைப்பட்டத்துக்கு நாள் மிச்சமிருக்கும்.